பழைய ஒய்15-க்குப் புதிய சட்டை: கவர்செட் மாற்றத்தில் ஏமாறுவது யார்?

"அண்ணே, இந்த வி1-ஐ வி2 ஆக்கித் தர முடியுமா?"

கிள்ளான், சுங்கை பட்டாணி, ஈப்போ என்று எந்த ஊர் மோட்டார் பட்டறையில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பவர் பெரும்பாலும் இருபதை இப்போதுதான் தொட்ட பையன். கையில் இருப்பது 2015-லோ 2016-லோ பதிவான யமஹா ஒய்15இசட்ஆர். அண்ணன் ஓட்டியது, இல்லையென்றால் செக்கன் ஹேண்டில் வாங்கியது. அவன் ஆசைப்படுவது 2019-இல் வந்த மாடலின் முகத்துக்கு. எல்இடி முகப்பு விளக்கு, முழு டிஜிட்டல் மீட்டர், கூரான பக்கக் கவர். இஞ்சின் அதே 150 சிசிதான். மாறுவது சட்டை மட்டும்.

2021 இறுதியில் ஒய்16 வந்த பிறகு ஆசை இன்னொரு படி ஏறிவிட்டது. புதிய ஒய்16 வாங்கப் பத்தாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் வேண்டும். பழைய ஒய்15-ஐ அதைப் போலக் காட்ட, கவரின் தரத்தைப் பொறுத்துச் சில நூறு ரிங்கிட் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட் என்று இருக்கும்போது, தவணை கட்டிப் புது மோட்டார் எடுப்பதைவிட இது கெட்டிக்காரத்தனமாகத் தெரிவதில் வியப்பில்லை.

இதைப் பற்றி நம் சமூகத்தில் நடக்கும் பேச்சு இரண்டே வகைதான். பெரியவர்களுக்கு எல்லாமே 'மாட் ரெம்பிட்' வேலை. பையன்களுக்கு எல்லாமே 'சும்மா அழகுக்கு'. இரண்டுமே விஷயத்தைத் தொடவில்லை. கவர் மாற்றத்தில் தவறே இல்லாத பகுதி ஒன்று இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான பகுதி ஒன்று இருக்கிறது. பணத்தை இழக்கும் பகுதி ஒன்றும் இருக்கிறது, அதில் மாட்டுபவர் பெரும்பாலும் மோட்டாரை மாற்றிய பையன் அல்ல.

முதலில், இந்த ஆசையை வெறும் பகட்டு என்று தள்ளிவிட முடியாது. தோட்ட லயத்தில் மோட்டாருக்கு என்று தனிக் கூரை கிடையாது. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும். நாலைந்து ஆண்டில் கவர் வெளுத்துப் போகும், திருகு போடும் இடத்தில் பிளாஸ்டிக் விரிசல் விடும், கிளிப் ஒடியும். செம்மண் சாலையில் ஒரு முறை சறுக்கினால் பக்கக் கவர் இரண்டாகும். அப்போது கடைக்குப் போனால், ஒரிஜினல் கவரைத் துண்டு துண்டாக விலை சொல்வார்கள். நான்கு துண்டு வாங்கும் காசுக்கு முழு கோப்பி கவர்செட்டே வந்துவிடும், ஸ்டிக்கரோடு. எப்படியும் மாற்றத்தான் போகிறோம், புதிய மாடலையே போட்டால் என்ன என்று நினைப்பது மனித இயல்பு.

எங்கள் மாமா ஒரு ஈஎக்ஸ்5 வைத்திருந்தார். 1987-இல் இந்த நாட்டுக்கு வந்து இன்றும் கடையில் விற்கும் மோட்டார் அது. காலையில் மரம் வெட்டப் போகும், மதியம் புல் மூட்டை தூக்கும், சாயங்காலம் மூன்று பிள்ளைகளை டியூஷனுக்கு ஏற்றும். அதில் ஒரிஜினல் என்று எஞ்சியிருந்தது இஞ்சினும் சேசிஸும் மட்டும். முன் கவர் ஒரு மோட்டாரிலிருந்து, பின் கவர் இன்னொன்றிலிருந்து. யாரும் அதை 'மாடிஃபை' என்று சொன்னதில்லை. பழுது பார்த்தது என்றுதான் சொன்னார்கள். நம் ஊரில் 'மோட்டார்' என்றாலே மோட்டார்சைக்கிள்தான். தமிழ்நாட்டில் அதே சொல்லைச் சொன்னால் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைக் காட்டுவார்கள். ஒரு சொல்லை நாம் எதற்கு ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்பதே அந்தப் பொருள் நம் வாழ்க்கையில் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது.

ஒரு மாடலின் கவர் இன்னொரு மாடலில் உட்காருவதற்கும் காரணம் உண்டு. தென்கிழக்காசியா முழுவதும் ஒரே மோட்டார் பல பெயரில் ஓடுகிறது. நாம் எல்சி135 என்று சொல்வது இந்தோனேசியாவில் ஜூப்பிட்டர் எம்எக்ஸ், வியட்நாமில் எக்சைட்டர், தாய்லாந்தில் ஸ்பார்க். நம் ஒய்15 வியட்நாமில் எக்சைட்டர் 150, இந்தோனேசியாவில் எம்எக்ஸ் கிங். எலும்புக்கூடு ஒன்று, சதை வேறு. அதனால்தான் தாய்லாந்துக் கவர், வியட்நாம் கவர் என்று கடைகளில் தனித்தனியாகத் தொங்குகின்றன. கூடு விட்டுக் கூடு பாயும் கதை நமக்குப் பழக்கம்; அங்கே உயிர் வேறு உடலுக்குப் போகும். இங்கே உயிர் அதே இடத்தில் இருக்க, உடல் மட்டும் வேறு ஊரிலிருந்து வருகிறது.

கவர் உட்கார்ந்துவிட்டதா, இல்லை உட்கார வைக்கப்பட்டதா என்ற இடத்தில்தான் பிரச்சினை தொடங்குகிறது.

வெறும் பக்கக் கவர், வால் கவர் என்றால் திருகைக் கழற்றி மாட்டும் வேலை. ஆனால் முகத்தை மாற்றும்போது விளக்கும் மீட்டரும் கூடவே வரும். பழைய மாடலின் வயரிங் சாக்கெட் புதிய விளக்குக்கோ மீட்டருக்கோ நேரடியாகப் பொருந்தாது. நல்ல மெக்கானிக் அதற்கென்று விற்கும் இணைப்பு வயரை வாங்குவார், இல்லையென்றால் வயரிங் வரைபடத்தைப் பார்த்து முறையாக ஈயம் வைத்து ஒட்டி, சுருங்கும் குழாய் போட்டு மூடுவார். அவசர வேலைக்காரர் வயரை வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிடுவார். டேப் வெயிலில் இளகும், மழையில் தண்ணீர் இறங்கும், உள்ளே செம்புக் கம்பி பச்சை பூக்கும். ஒரு நாள் இரவு ஷிப்ட் முடிந்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்துச் சாலையில் வரும்போது விளக்கு அணையும். தெருவிளக்கு இல்லாத சாலை அது. அணைந்த விளக்கை எதிரே வரும் லோரிக்காரர் எப்படிப் பார்ப்பார்?

விளக்கு எரிந்தாலும் அது சரியான இடத்தில் படுகிறதா என்பது வேறு கேள்வி. கவரின் உயரமும் சாய்வும் மாறும்போது ஒளியின் கோணமும் மாறுகிறது. பல மோட்டார்களில் வெளிச்சம் சாலையில் விழாமல் எதிரே வருபவரின் கண்ணில் விழுகிறது. பழைய பல்புக்கான ரிலேயை மாற்றாமல் எல்இடி சிக்னல் போட்டால் அது படபடவென்று வேகமாக மின்னும்; மின்சாரம் குறைவாக இழுப்பதால், பல்பு போய்விட்டது என்று ரிலே நினைத்துக்கொள்கிறது. பையன்கள் அதையும் ஸ்டைல் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று பலரும் கவனிக்காதது. புதிய முகக் கவருக்கு உள்ளே ஹேண்டில் திரும்ப இடம் போதுமா? கேபிள் எங்கேயாவது சிக்குகிறதா? சோதிக்கக் காசு வேண்டாம். மோட்டாரை நிறுத்தி, இஞ்சினை ஐடிலில் விட்டு, ஹேண்டிலை இடக்கோடி வரை திருப்புங்கள், பிறகு வலக்கோடி வரை. சத்தம் ஏறினால் எண்ணெய்க் கேபிள் இழுபடுகிறது. வளைவில் திரும்பும்போது மோட்டார் தானாக வேகம் எடுக்கும் என்று அர்த்தம். பட்டறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே இதைச் செய்து பார்க்க வேண்டும்.

ஒய்15-இல் ஒய்16 உடலை ஏற்றும்போது வேலை இன்னும் கடினம். அது வேறு தலைமுறை மோட்டார், 155 சிசி இஞ்சினுக்காக வடிவமைத்த உடல். திருகு ஓட்டைகள் எல்லாம் ஒத்துப்போகாது. புதிய தாங்கிகள் செய்து மாட்ட வேண்டும். அங்கே சிலர் சேசிஸில் இருக்கும் காதை அறுத்துவிடுகிறார்கள், சிலர் சேசிஸிலேயே பற்றவைக்கிறார்கள். என் கணிப்பில் எல்லைக்கோடு இதுதான். கவரை எத்தனை தரம் வேண்டுமானாலும் மாற்றுங்கள். சேசிஸில் கிரைண்டரும் வெல்டிங்கும் பட்டுவிட்டால் அது அழகு வேலை இல்லை. வெப்பம் பட்ட இரும்பு எந்தக் குழியில் விழும்போது விரிசல் விடும் என்று செய்தவருக்கே தெரியாது.

இந்த நாட்டில் பதிவான வாகனங்களில் ஏறக்குறையப் பாதி மோட்டார்சைக்கிள்கள். ஆனால் சாலை விபத்துகளில் இறப்போரில் அறுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் போனவர்கள். அந்தக் கணக்கில் கவர்செட்டின் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்லிவிட முடியாது. வேகமும் சோர்வும் மோசமான சாலையும்தான் பெரிய காரணங்கள். ஆனாலும் ஏற்கனவே ஆபத்தான ஒன்றில் விளக்கையும் ஹேண்டிலையும் பணயம் வைக்கிறோம் என்பது மட்டும் உறுதி.

சாலைத் தடுப்பில் என்ன நடக்கும்?

1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வாகனங்களின் கட்டமைப்பு, பயன்பாடு குறித்த 1959-ஆம் ஆண்டு விதிகளும்தான் அதிகாரிகள் கையில் இருக்கும் ஆயுதம். விளக்கு, பிரேக், கண்ணாடி, ஹார்ன், சைலன்சர் எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. ஒரு மோட்டார் விதியை மீறி மாற்றப்பட்டிருந்தால் சம்மன் வரலாம். மோசமான மாற்றமாக இருந்தால் சட்டத்தின் 64-வது பிரிவின் கீழ் மோட்டாரையே பறிமுதல் செய்யலாம். போலீஸ் சோதனைகளில் நள்ளிரவில் லோரியில் ஏற்றப்படும் மோட்டார்கள் பெரும்பாலும் இந்தப் பிரிவில்தான் போகின்றன.

பதிவில் முக்கியமானவை இஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும். கவர்செட் மாறினால் இவை மாறுவதில்லை. ஆனால் மாடலின் பெயரும் நிறமும் பதிவில் இருக்கின்றன. பதிவில் நீல ஒய்15 என்று இருக்க, எதிரே நிற்பது சிவப்பு ஒய்16 என்றால் அதிகாரிக்குச் சந்தேகம் வருவது இயல்பு. அந்த நேரத்தில் அவர் டார்ச் அடித்துத் தேடுவது சேசிஸ் எண்ணைத்தான். அது தெளிவாக, பதிவோடு ஒத்து இருந்தால் பேச்சு எளிதில் முடியும். புதுக் கவரோ பெயின்ட்டோ அந்த எண்ணை மறைத்திருந்தால் இரவு நீளும். நிறத்தை மாற்றியவர் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குத் தெரிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வேலையை நம் பையன்களில் மிகச் சிலரே செய்கிறார்கள். செய்யாததற்குக் காரணம் திமிர் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கவர் விற்ற கடைக்காரரும் சொல்வதில்லை, மாட்டிய மெக்கானிக்கும் சொல்வதில்லை.

இதில் இலாகாவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்றே சொல்வேன். எது அனுமதி, எது குற்றம் என்பதைப் பையன்கள் டிக்டாக்கில் தெரிந்துகொள்கிறார்கள்; அங்கே பாதி தப்பு. வால் பகுதியை வெட்டி நம்பர் பிளேட்டை வானத்தைப் பார்க்க வைத்தவனும், வெடித்துப்போன பக்கக் கவரை மாற்றியவனும் ஒரே தடுப்பில் நிற்கும்போது, யாருக்கு என்ன என்பது அன்றைக்கு இருக்கும் அதிகாரியின் பார்வையைப் பொறுத்து அமைகிறது. படம் போட்ட ஒரு பக்கத் தாளை மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் அச்சடித்துக் கவர்செட் விற்கும் கடைகளில் ஒட்டச் சொன்னால் பெரிய செலவா?

காப்புறுதியைப் பற்றி ஒரு வரி. பழைய கப்சாய்களுக்குப் பெரும்பாலும் மூன்றாம் தரப்புக் காப்புறுதிதான் எடுக்கிறோம். அதில் நம் மோட்டார் நொறுங்கினால் நமக்கு ஒன்றும் வராது, கவர் எதுவாக இருந்தாலும். முழுக் காப்புறுதி எடுத்தவர்கள்தான் கவனிக்க வேண்டும். மாற்றங்களை முன்கூட்டியே தெரிவிக்காவிட்டால், இழப்பீடு கேட்கும் நாளில் நிறுவனம் அதையே காரணம் காட்டக்கூடும்.

மலிவாக வந்தது எங்கிருந்து வந்தது?

கோப்பி கவர் மலிவு, அதில் ரகசியம் இல்லை. ஆனால் 'ஒரிஜினல், யூஸ்டு, முழு செட், மீட்டரோடு' என்று பாதி விலைக்கு வந்தால் யோசிக்க வேண்டும். நாட்டில் ஒய்15 போன்ற மோட்டார்கள் திருடர்களுக்குப் பிடித்தவை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. திருடிய மோட்டாரை முழுதாக விற்றால் சேசிஸ் எண் காட்டிக் கொடுத்துவிடும். கழற்றித் துண்டாக விற்றால், கவரில் எண் எதுவும் இல்லை. இப்படித்தான் ஒருவருடைய கண்ணீர் இன்னொருவருடைய அலங்காரமாகிறது. வாகனத் திருட்டுக்குக் குற்றவியல் சட்டத்தின் 379ஏ பிரிவு ஓர் ஆண்டிலிருந்து ஏழு ஆண்டு வரை சிறை சொல்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குபவர் 411-வது பிரிவில் மாட்டுவார். அதற்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கலாம். 'எனக்குத் தெரியாது' என்பவனிடம் முதலில் கேட்கப்படுவது ரசீது. வாட்சாப்பில் பேசி, பெட்ரோல் நிலையத்தில் கைமாற்றிய பொருளுக்கு ரசீது ஏது? விற்றவரின் பெயர், தொலைபேசி எண், பணம் அனுப்பிய சான்று, இவையாவது கையில் இருக்கட்டும். பெயர் சொல்லத் தயங்குபவரிடம் வாங்கவே வேண்டாம்.

நான் ஆரம்பத்தில் சொன்ன, பணத்தை இழக்கும் பகுதி செக்கன் ஹேண்ட் சந்தையில் இருக்கிறது. எஸ்பிஎம் முடித்த மகன் தொழிற்சாலை வேலைக்குப் போக வேண்டும். பஸ் கிடையாது. அம்மா சேர்த்து வைத்த கூட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு இருவரும் மோட்டார் பார்க்கப் போகிறார்கள். பளபளவென்று நிற்கிறது ஒரு வி2. விலையும் வி2 விலைதான். உண்மையில் அது 2016 மோட்டார், மேலே வி2 கவர். உள்ளே இஞ்சின் இருப்பதோ பல ஆண்டு கூடுதலாக ஓடிய நிலையில். மீட்டரையே மாற்றிவிட்டதால் அது காட்டும் கிலோமீட்டரும் அந்த மோட்டாருடையது அல்ல. கவர்செட் மாற்றத்தின் மிகப் பெரிய தீங்கு இதுதான் என்று நான் நினைக்கிறேன். மாற்றியவன் தன் மோட்டாரைத் தெரிந்துதான் ஓட்டுகிறான். வாங்குபவருக்குத்தான் தெரிவதில்லை, அதுவும் மோட்டாரைப் பற்றிப் பழக்கமில்லாத தாய்மாருக்கு.

கண்டுபிடிக்க மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. கெரானில் பதிவான ஆண்டைப் பாருங்கள். 2019 மாடலின் முகம் 2016-இல் பதிவான மோட்டாரில் தொழிற்சாலையிலிருந்து வந்திருக்க வழியே இல்லை. சேசிஸ் எண்ணையும் இஞ்சின் எண்ணையும் கெரானோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் இன்னும் மெதுவாக ஒப்பிடுங்கள். இருக்கையைத் தூக்கி வயரைப் பாருங்கள். கறுப்பு டேப் உருண்டை உருண்டையாகத் தெரிந்தால் கதை புரிந்துவிடும். முடிந்தால் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவருக்கு ஒரு சாப்பாடு வாங்கிக் கொடுத்தாலும் லாபம்தான். மாற்றிய மோட்டார் என்று தெரிந்த பிறகும் பிடித்திருந்தால் வாங்கலாம், தவறில்லை. ஆனால் 2016 மோட்டாரின் விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

பட்டறைப் பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டம் விட்டு வந்து, பள்ளிக்கூடம் பிடிக்காமல், அடுத்தவர் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துத் தொழில் கற்றவர்கள் நம்மில் நிறைய. ஒரு மாடலின் மீட்டரை இன்னொன்றில் உயிரோடு எரிய வைப்பவன் மின்சாரம் தெரிந்தவன். அவனிடம் இல்லாதது காகிதம். மோட்டார்சைக்கிள் பராமரிப்புக்கு மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்கேஎம், இருக்கிறது. சான்றிதழ் உள்ள மெக்கானிக் சேசிஸை அறுக்கச் சொன்னால் மறுப்பார், ஏனென்றால் இழக்க அவருக்கு ஒன்று இருக்கிறது. பையனை 'உருப்படாதவன்' என்று திட்டும் குடும்பங்கள் அந்த விண்ணப்பப் பாரத்தை ஒரு தடவை கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

மாற்றியே தீருவேன் என்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. கழற்றிய ஒரிஜினல் கவரைத் தூக்கி எறியாதீர்கள். துடைத்து, பழைய போர்வையில் சுற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஆர்எக்ஸ்இசட் உற்பத்தி 2011-இல் நின்றது. அந்தக் காலத்தில் ஒரிஜினல் உடலைக் கழற்றிக் கோழிக் கூண்டுக்கு மேல் போட்டவர்கள் எத்தனையோ பேர். இன்று அதே துண்டுகளைத் தேடி ஆட்கள் ஊர் ஊராக அலைகிறார்கள்; நல்ல நிலையில் இருக்கும் பெட்ரோல் டாங்கிக்கும் பக்கக் கவருக்கும் கேட்ட விலை கொடுக்கிறார்கள்.